முப்பத்துநான்கு வயதுப் பெண்ணின் எண்

1

இன்று என் அக்காவுக்கு ஒரு வயது நிறைகிறது.

ஆஸ்பத்திரிக் கணக்கில் அப்படித்தான். இரத்தப் புற்றுநோய் வந்தவரின் எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து முழுக்க அழித்துவிட்டு, இன்னொருவரின் செல்களை ஏற்றும் நாளைப் பூஜ்ய நாள் என்கிறார்கள். அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறார்கள். அக்காவுக்கு ஏற்றியது என் செல்கள்.

காலையில் இதை என் மகள் ஆதிரையிடம் சொன்னேன். ஐந்து வயது. "ஒரு வயசுன்னா பெரியம்மாவுக்குப் பல்லு எத்தனை?" என்று தமிழில் தொடங்கி, மிச்சத்தை ஜெர்மனில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பு மாட்டப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் பேச்சு இப்படித்தான் பாதி வழியில் கட்சி மாறுகிறது. நான் ஜெர்மனில் எண்களைச் சொன்னால் திருத்துகிறாள். இங்கே முப்பத்துநான்கை "நாலும் முப்பதும்" என்று சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் நாற்பத்துமூன்று ஆக்கிவிடுவேன்.

அவளை இன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் முறை இருந்தது. சுவரில் உள்ள பெட்டி ஒரு சீட்டைத் துப்பும். அதில் ஓர் எண் இருக்கும். அது திரையில் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சீட்டை ஆதிரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

என் ஒப்பந்த நீட்டிப்பு தாமதமாக வந்ததில் குடியிருப்பு அனுமதியின் தேதி முடிந்துபோனது. புதியது வரும்வரை கையில் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிகத் தாள் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு மட்டும் அதில் உறுதி இல்லை. கணவரின் அனுமதியும் மகளின் அனுமதியும் என்னுடையதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எட்டு மாதமாக இப்படி. கதவு பூட்டவில்லை, ஆனால் வெளியே போக முடியாது. இப்படிப்பட்ட அறையில் இருந்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

2

நான் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அக்கா. எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தாள். அதற்குமேல் படித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான், விமானம் ஏறியதும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. எட்டு வீடு கொண்ட லயத்தில் ஒரு பல்புக்கடியில் படித்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மாற்று சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளின் இரத்தத்தில், புதிய இரத்தக் குழாய்களை முளைக்கத் தூண்டும் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பேன். இரத்தப் புற்றுநோய் மஜ்ஜைக்குள் தனக்கென்று குழாய்களை முளைக்கவைத்துக்கொள்ளும். அதற்குச் சில புரதங்கள் உதவுகின்றன. அவற்றில் ஒன்று குழாயின் உட்சுவர் செல்களைப் பிடிப்பு விட்டுத் தளரச் செய்யும். சிகிச்சைக்கு முன்பே அது இரத்தத்தில் அதிகமாக இருப்பவர்கள், சிகிச்சைக்குப் பிறகு அதிகம் தவறிப்போகிறார்களா என்பதுதான் எங்கள் கேள்வி. ஆம் என்றுதான் பேராசிரியர் நினைக்கிறார். இரத்தம் புதிதாக மாறிவிடும், ஆனால் அது ஓடும் குழாய் பழையதுதானே என்பார்.

தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம். கடைசி மருந்தை விட்டதும் நீலம் ஏறும். நீலம் கூடினால் புரதம் அதிகம்.

இதை ஒருமுறை அக்காவிடம் தொலைபேசியில் விளக்கினேன். அப்போது அவளுக்கு நோய் வந்திருக்கவில்லை. பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கவாத்துக்கு முன்னாடி வேர் பாக்கிற மாதிரியா?"

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மொட்டையாக வெட்டுவதுதான் கவாத்து. அதற்கு முன் பத்துச் செடிகளின் வேரைத் தோண்டி, அறுத்து, அயோடினில் தோய்த்துப் பார்ப்பார்கள். கருநீலமானால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டினாலும் தழைக்கும். மஞ்சளாக நின்றால் அந்தக் காட்டை வெட்டாமல் ஓய்வில் விட வேண்டும்.

"அதேதான்க்கா. ஆனா எங்க தட்டுல நீலம் வந்தா நல்லதில்ல."

"ஒங்க ஊருல எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும் போல" என்றாள்.

3

ஒன்றரை வருடம் முன்பு அக்காவுக்கு ஈறில் இரத்தம் வந்தது. கொழுந்து எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். எங்கள் ஆய்வுக்குச் சீரம் அனுப்பும் மருத்துவமனைகளில் ஒன்று அங்கே இருந்தது. அங்கேயே சேர்க்கச் சொன்னதும் நான்தான். அப்பா அம்மா இப்போது இல்லை. அக்காவுக்குப் பிள்ளையும் இல்லை. எனக்கு அவளும், அவளுக்கு நானும், மாமாவும். மாமா கோத்தகிரியில் காய்கறி லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்.

என் செல்கள் அவளுக்கு முழுக்கப் பொருந்தின. லீவு விண்ணப்பத்தில் அக்காவின் பெயரையும் பிறந்த வருடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பறந்தேன். ஆஸ்பத்திரியில் படிவங்களை எல்லாம் மாமா ஏற்கெனவே நிரப்பியிருந்தார். அக்காவின் கட்டில் முனையில் தொங்கிய கோப்பைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். வெள்ளையணு எத்தனை, தட்டணு எத்தனை. என் கண்ணில் வேறெதுவும் படவில்லை.

பூஜ்ய நாளன்று என் செல்கள் ஒரு பையில் தொங்கின. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை.

"இனி நீ மழைக்குப் பயந்தா நானும் பயப்படணுமா?"

"ரத்தம் மட்டும்தான்க்கா என்னுது."

"அப்பச் சரி. ஒன் மூளை வந்துட்டா கொழுந்து எடுக்க முடியாது. யோசிச்சிட்டே நிப்பேன்."

மாமா கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினார். அவர் கொங்குக்காரர். மனைவியின் தங்கையிடமும் மரியாதையோடுதான் பேசுவார். "அம்மிணி, அவ சிரிக்கறாளுங்க. போதுமுங்க, இனி பொழைச்சுக்குவா" என்றார். மூன்று வாரம் இருந்துவிட்டு நான் திரும்பினேன்.

4

நூறு நாள்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பழைய லாட்ஜில் கீழே ஓர் அறை. மாடியில் இன்னொரு பெண், அவளும் அதே மாதத்தில் மாற்று சிகிச்சை செய்துகொண்டவள். தாராபுரத்துப் பள்ளி ஆசிரியை. மாலையில் இறங்கி வந்து, முகக்கவசத்தோடு வாசலில் உட்கார்ந்து, அக்காவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவாள். "டீச்சர் இன்னைக்கு ராசிபலன் படிச்சாங்க, எனக்குத் தூரப் பயணமாம். பாத்ரூமுக்குத்தான் போவேன் போல" என்று அக்கா சொல்லிச் சிரித்த நாட்களும் இருந்தன.

எழுபது நாள் தாண்டியதும் சிரிப்பு நின்றது. தோல் சிவந்து உரிந்தது. வாயெல்லாம் புண். கோயம்புத்தூர் வெக்கை அவளுக்கு ஆகவில்லை. ஒருநாள் மாமா அழைத்தார்.

"அம்மிணி, உங்கக்கா மாத்திரையத் தொட மாட்டேங்கறாளுங்க. பைய எடுத்து வெச்சுக்கிட்டு, மேல போவோணும், பஸ் ஏத்தி வுடுங்கன்னு நிக்கறா. நீங்க சொன்னாத்தான் கேப்பாளுங்க."

அக்கா தொலைபேசியை வாங்கினாள். குரல் மாறியிருந்தது.

"மேலயே போறேன்டி. சாகறதா இருந்தா குளுர்ல சாகறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அழுதேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன்.

அந்த மருத்துவமனையிலிருந்து வந்த பெட்டியை முந்தின வாரம்தான் நான் அளந்திருந்தேன். குப்பிகளில் பெயர் இருக்காது, குறியீடு மட்டும். ஆனால் பட்டியலில் இரத்தம் எடுத்த மாதமும், ஆணா பெண்ணா என்பதும், வயதும் இருக்கும். யார் யார் என்று தேடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேடினேன். அக்காவுக்கு இரத்தம் எடுத்த மாதத்தில் பெண்கள் இருவர்தான். ஒருவருக்கு வயது முப்பத்துநான்கு. மற்றவருக்கு முப்பத்தெட்டு.

அக்காவுக்கு முப்பத்துநான்கு. முப்பத்துநான்கின் புரத எண் நன்றாகக் குறைந்திருந்தது.

உடனே அழைத்தேன். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒன் ரத்தத்தோட நம்பரப் பாத்துட்டேன். நல்ல நம்பர். குழாயெல்லாம் உறுதியா இருக்கு. நீ மாத்திரை தின்னாப் போதும், தழைச்சிருவ."

"என் பேரு போட்டிருந்துச்சா?"

"பேரு இருக்காது. அந்த மாசம் ரெண்டே பொம்பளைங்க. முப்பத்திநாலு வயசுன்னு போட்டிருக்கு, அது நீதான்."

அக்காவுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு பொம்பளைக்கு?"

"அவங்களுக்கு முப்பத்தெட்டு. நம்பர் ரொம்ப அதிகம். அது நமக்கெதுக்குக்கா?"

பிறகு சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "ஏங்க, அந்த மாத்திரையக் கொண்டாங்க" என்று மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நூறு நாள் முடித்துவிட்டுத்தான் அவள் மலை ஏறினாள். நான் அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். படித்தது வீண் போகவில்லை என்று அன்று நினைத்ததை மறைக்க மாட்டேன்.

5

ஆறாம் மாதம் அக்காவுக்கு நுரையீரலில் கிருமி. மறுபடி கோயம்புத்தூர், ஆக்சிஜன். நான் போயே ஆக வேண்டும். அதற்குள் என் அனுமதி முடிந்து கையில் அந்தத் தாள் வந்திருந்தது. நெருங்கிய உறவினர் உயிராபத்தில் இருந்தால் போய்வரச் சிறப்பு அனுமதி கேட்கலாம் என்றார்கள். மாமா ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கி அனுப்பினார். ஆதிரையோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போன பேருந்தில் அந்தக் கடிதத்தின் அச்சை மடியில் வைத்திருந்தேன். நோயின் பெயரையும் "கவலைக்கிடம்" என்ற சொல்லையும் மட்டுமே பார்த்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நிதானமாகப் படித்தார்.

"உங்கள் அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதா?"

"முப்பத்துநான்கு" என்றேன். எண்ணைச் சரியாகத்தான் சொன்னேன். ஆதிரை கூடத் திருத்தவில்லை.

"இதில் முப்பத்தெட்டு என்றிருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் போன முறை லீவு விண்ணப்பத்தின் நகலில் நான்கு வருடம் குறைவாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளா?"

கடிதத்தை என் பக்கம் திருப்பி, அந்த எண்ணின் கீழ் பேனா முனையை வைத்தார். முப்பத்தெட்டு.

அந்த மேசை முன்னால் நின்றபடியே நான் பதினோரு வயதுக்குப் போய்விட்டேன். எஸ்டேட் பள்ளியில் எனக்கு ஐந்தாவது முடிந்திருந்தது. ஆறாவதுக்குக் கோத்தகிரிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அப்பா படுக்கையில் இருந்தார். அம்மா ஒருத்தியின் சம்பளத்தில் வீடும் நடந்து நானும் படிக்க முடியாது. அக்காவுக்குப் பதினைந்து வயது. எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் பதிந்தால் அவளும் நிரந்தரத் தொழிலாளி. அம்மா எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள்.

"வயசு?" என்றார் கிளார்க்.

"பதினெட்டுங்க" என்றாள் அம்மா.

அவர் கண்ணாடிக்கு மேலால் அக்காவைப் பார்த்தார். "இங்க வர்ற எல்லாருக்கும் பதினெட்டுதான். மேல இருந்து ஆளு வந்தா மொதல்ல அதைத்தான் தோண்டுவாங்க. பத்தொம்போதுன்னு போட்டுக்கறேன்."

திரும்பி வரும் வழியில் அக்கா முன்னால் நடந்தாள். "ஒரே நாள்ல எனக்கு நாலு வயசு கூடிருச்சுடி. இனிமே என்னைய வாங்க போங்கன்னுதான் கூப்பிடணும்." மறுநாள் அவள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நான் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

செக்ரோல் வயதே ரேஷன் அட்டைக்குப் போனது. ரேஷன் அட்டையிலிருந்து வாக்காளர் அட்டைக்கு, அங்கிருந்து ஆதாருக்கு, ஆதாரிலிருந்து ஆஸ்பத்திரிக் கோப்புக்கு, கோப்பிலிருந்து என் பட்டியலுக்கு. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்குத் தாளில் ஒரு வயது, உடம்பில் ஒரு வயது. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தவள்தான் மறந்தேன். எனக்கு மட்டும் கோத்தகிரிப் பள்ளியில் சேர்க்க வாங்கிய பிறப்புச் சான்று சரியாக இருந்தது. தாளில் இருப்பதுதான் உண்மை வயது என்று நம்பும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

முப்பத்தெட்டுதான் அக்கா. எண் மிக அதிகமாக இருந்த பெண்.

"பிறப்புச் சான்று கொண்டுவந்தால் பார்க்கலாம்" என்றார் அந்த அம்மாள். லயத்து அறையில் பிறந்த அக்காவுக்கு அப்படி ஒரு சான்று என்றுமே எடுத்ததில்லை. இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்கு நிரப்ப ஒரு கட்டம் இருந்திருக்காது.

6

அக்கா அந்த முறை தப்பினாள். நான் போகாமலேயே தப்பினாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு மாதத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. ஆதிரையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆய்வுக்கூடம் போவேன். தட்டு, குழி, நீலம். பட்டியலைத் திறந்தால் அந்த வரியில் கண் நிற்கும். மூடிவிடுவேன். அக்காவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. நல்ல எண் என்ற நம்பிக்கையில்தான் அவள் அன்று மாத்திரையைக் கையில் எடுத்தாள். அதை எப்படிப் பிடுங்குவது? பேராசிரியரிடமும் சொல்ல முடியாது. பட்டியலில் தேடியதைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் அனுமதி போகும், மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். கணவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "உனக்கு எது நிம்மதியோ அதைச் செய்" என்றார். நிம்மதி தருவது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் எண் ஓர் ஆளைப் பற்றிச் சொல்லாது என்பது என் தொழிலின் முதல் பாடம். அதை மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் வாட்சப்பில் அக்கா ஒருமுறை இருமினால், அந்தப் பாடம் என்னிடம் நிற்பதில்லை.

ஆதிரை இப்போது அக்காவோடு பேச வெட்கப்படுகிறாள். தமிழ் வார்த்தை வரவில்லை என்ற வெட்கம். "பெரியம்மா ரத்தத்துல நீங்க இருக்கீங்கன்னா நீங்களே பேசுங்க" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அக்கா "என்னடி சொல்றா?" என்று கேட்டாள். "பரீட்சையாம்" என்றேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன பரீட்சை? இன்னொரு பொய்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்பது. இன்னொரு காரணம், பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது.

7

இன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அக்கா வீடியோவில் வந்தாள். கீழ் கோத்தகிரியில் மதியம் தாண்டியிருந்தது. லயத்து வாசலில், கம்பளிக் குல்லாயோடு, மாமா வாங்கிவந்த வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தாள். குல்லாயைக் கழற்றித் தலையைக் காட்டினாள். முடி சுருட்டையாக முளைத்திருந்தது.

"ஒன் முடிடி இது. கோவமும் ஒன்னுதுதான். நேத்து மாமாவ நாலு வாட்டித் திட்டிட்டேன்."

"அம்மிணி, ரத்தத்த மாத்தி ஏத்தச் சொல்லுங்க" என்று மாமா எங்கிருந்தோ கத்தினார்.

"ஒரு வருசம் ஆச்சு, எப்ப வர்ற?" என்றாள் அக்கா.

திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு இன்னும் ஏழெட்டு எண் இருந்தது. தாளைப் பற்றிச் சொல்லப் போனவள், என் கட்டுப்பாட்டை மீறி மற்றதைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்ன நம்பர் ஒன்னுது இல்ல."

"தெரியும்" என்றாள். வர்க்கி டீக்குள் உடைந்து விழுந்துவிட்டது. அதை விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தெரியும்?"

"எந்த ஆஸ்பத்திரில எனக்கு முப்பத்திநாலு போடுவாங்க? செக்ரோல்ல பேர் பதிஞ்ச நாள்ல இருந்து தாள்ல எனக்கு நாலு வயசு கூடத்தானே. பெரிய படிப்பு படிச்சவ, தேடறதையும் தப்பாத் தேடியிருக்க."

"அப்ப முப்பத்தெட்டு நீதான்னு…"

"நீதான சொன்ன, நம்பர் ரொம்ப அதிகம்னு. நமக்கெதுக்குன்னு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எதிரே இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பறம் ஏன்க்கா மாத்திரையத் தின்ன? ஏன் சிரிச்ச?"

"பத்துச் செடி வேரை அறுத்துத்தான் காட்டையே கவாத்துப் பண்ணுவாங்க. எந்தச் செடி தழையும்னு எந்தத் தொரைக்குத் தெரியும்? மஞ்ச வேர்ச் செடியும் தழைச்சு நான் கொழுந்து எடுத்திருக்கேன்." குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அது வேற. நீ அங்க தனியா அழுதிட்டிருந்த. நான் நல்லா இருக்கேன்னு நம்புனாத்தானே நீ சோறு தின்பே. அதான் சிரிச்சேன். சிரிச்சிட்டா மாத்திரையும் தின்னுதானே ஆகணும்?"

ஆறு மாதமாக அவளை நான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"அந்த நம்பரு டீச்சருதுடி" என்றாள் அக்கா. "மாடியில இருந்தாங்களே. அவுங்களுக்குத்தான் முப்பத்திநாலு."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"அவுங்க இல்லை. அஞ்சாம் மாசம்."

எங்கள் பட்டியலில் ஓராண்டு முடிவுக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. மருத்துவமனை அனுப்பியதும் நான்தான் அதை நிரப்ப வேண்டும். எல்லாருடைய கட்டங்களையும் சேர்த்துக் கோடு போட்டால், பேராசிரியர் நினைத்தபடியேகூட அது விழலாம். அந்த இரண்டு வரிகள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு புள்ளிகளாக நிற்கும். புள்ளிக்கு வயது தெரியாது, செய்தித்தாள் படித்துக் காட்டியது தெரியாது.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொல்லி? நீ பறந்து வந்திருப்பியா?" கோபமில்லாமல்தான் கேட்டாள். பிறகு, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். "ஒண்ணு செஞ்சேன். நீ சொன்ன அன்னைக்கே மாடி ஏறிப் போனேன். கைப்பிடியப் பிடிச்சுப் பிடிச்சு ஏறினேன். டீச்சர், என் தங்கச்சி ஒங்க ரத்தத்தை அங்க பாத்திருக்கா, நல்ல நம்பராம், குழாயெல்லாம் உறுதியா இருக்காம்னேன். அவுங்களுதை நாமளே வெச்சிக்கிட்டா எப்படி?"

"ஐயோ, அக்கா."

"என்ன ஐயோ? அவுங்க ரெண்டு வாட்டி கேட்டாங்க. நிஜமாவா, நிஜமாவான்னு. பல வாரமாத் தண்ணியும் கஞ்சியும்தான். அன்னைக்கு ரெண்டு இட்லி முழுசாத் தின்னாங்கடி."

அக்காவுக்குப் பின்னால் மூடுபனி ஏறி, எதிர் மலையின் கொழுந்துக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக்கொண்டிருந்தது.

ஆதிரை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நம்ம நம்பர் வந்துருச்சு."

முழு வாக்கியமும் தமிழில்.

"அது நம்மளுது இல்ல கண்ணு" என்றேன்.

அவள் கையைப் பிரித்துச் சீட்டைக் காட்டினாள். வியர்வையில் கசங்கியிருந்தது. திரையைப் பார்த்தேன். மறுபடி சீட்டைப் பார்த்தேன்.

எங்களுடையதுதான்.